தொட்டாற்சுருங்கி என்று பெயர் வாங்கியவர்களுடன்: நுண்ணுணர்வு மிக்கவர்களுக்கு உதவ ஓர் ஆலோசகரின் வழிகாட்டி

என் ஆலோசனை அறை மந்தைவெளியில் ஒரு பழைய வீட்டின் மாடியில் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண் அங்கே வாரந்தோறும் வந்துகொண்டிருந்தார். முதல் மூன்று வாரமும் தோள்கள் காதருகே ஏறியபடியே உட்கார்ந்திருப்பார். பேச்சு பாதியில் அறுந்துபோகும். சொல்ல முடியாத பெரிய விஷயம் ஏதோ இருக்கிறது என்று நான் எண்ணிக்கொண்டேன். நான்காம் வாரம் கிளம்பும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே தயங்கி நின்றார். "ஒன்று சொன்னால் தவறாக நினைக்க மாட்டீர்களே மேடம்? அந்தச் சுவர்க் கடிகாரம்... அதன் சத்தத்தில் என்னால் யோசிக்கவே முடியவில்லை."

எனக்கு அந்தச் சத்தம் அதுவரை கேட்டதே இல்லை. அன்றே ஸ்டூல் போட்டு ஏறி பேட்டரியைக் கழற்றினேன். அடுத்த வாரம் அவருடைய தோள்கள் இறங்கியிருந்தன. இறந்துபோன தம்பியைப் பற்றி அன்றுதான் முதன்முதலாகப் பேசினார்.

இதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். கடிகாரத்தை நிறுத்த எனக்கு ஒரு நிமிடம் போதுமானதாக இருந்தது. அதை நிறுத்தச் சொல்ல அவருக்கு நான்கு வாரம் பிடித்தது. அந்த நான்கு வாரத் தயக்கம்தான் நம் வேலையின் பெரும்பகுதி. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் ஆலோசகர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். வீட்டில் இப்படி ஒருவரை வைத்திருப்பவர்களும், தாங்களே இப்படி இருப்பவர்களும் தாராளமாகப் படிக்கலாம். சொல்லும் உதாரணங்களில் அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். சில இடங்களில் இரண்டு மூன்று பேருடைய அனுபவங்களைக் கலந்திருக்கிறேன்.

தொடங்கும் முன்: பெயர் முக்கியம்

"மிகை உணர்திறன்" என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அந்தச் சொல்லில் உடன்பாடு இல்லை. மிகை என்ற உடனேயே அளவு தப்பிவிட்டது என்ற தீர்ப்பு வந்துவிடுகிறது. "நுண்ணுணர்வு" என்றால் உள்ளதை உள்ளபடி சொல்கிறது. மற்றவர் காதில் விழாதது இவர் காதில் விழுகிறது. மற்றவர் கவனிக்காத முகச்சுளிப்பை இவர் பார்த்துவிடுகிறார், பார்த்ததை நெடுநேரம் மனதில் அரைக்கிறார்.

இந்தத் தன்மையை முறையாக ஆராயத் தொடங்கியவர் அமெரிக்க உளவியலாளர் இலேன் ஆரோன். கணவர் ஆர்தர் ஆரோனுடன் சேர்ந்து 1997-ல் அவர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையிலிருந்துதான் 27 கேள்விகள் கொண்ட அளவுகோல் பரவியது. மக்களில் 15 முதல் 20 சதவீதம் பேர் இப்படி இருப்பார்கள் என்பது அவருடைய கணிப்பு. 2018-ல் வெளிவந்த ஓர் ஆய்வு, மனிதர்களை உணர்திறன் மிக்கவர், நடுத்தரமானவர், குறைந்தவர் என ஏறத்தாழ 30, 40, 30 சதவீதமாகப் பிரிக்கலாம் என்றது. 2020-ல் பிரிட்டனில் இரட்டையர்களிடம் நடந்த ஆய்வு, இந்த வேறுபாட்டில் ஏறத்தாழ பாதி மரபணு வழியாக வருகிறது என்று கண்டது. மீதிப் பாதி வளர்ந்த சூழல்.

இது நோய் அல்ல. மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் வகைப்பாட்டு நூல்கள் எதிலும் இதற்கு இடமில்லை. கூச்ச சுபாவமும் இதுவும் ஒன்று என்று நினைப்பதும் தவறு. நுண்ணுணர்வு மிக்கவர்களில் சுமார் 30 சதவீதம் பேர் கலகலப்பாகப் பழகுகிறவர்கள் என்று ஆரோனே சொல்லியிருக்கிறார். கல்யாண வீட்டில் எல்லோரையும் சிரிக்க வைத்துவிட்டு, மறுநாள் முழுக்கப் படுக்கையை விட்டு எழாதவர் உங்கள் குடும்பத்திலும் இருக்கக்கூடும்.

நல்ல சூழலும் இவர்களைத்தான் அதிகம் தொடுகிறது. லண்டன் பள்ளி மாணவிகளுக்கு மனச்சோர்வைத் தடுக்கும் பயிற்சி ஒன்றை அளித்துப் பார்த்தார்கள். 2015-ல் வெளியான அந்த முடிவின்படி, நுண்ணுணர்வு அதிகமுள்ள பெண்களுக்கே பயன் கிடைத்தது. குறைந்தவர்களிடம் மாற்றம் தெரியவில்லை. நாம் காட்டும் பரிவு வீண்போகாத இடம் இது.

முதல் படி: அறையைச் சரிசெய்யுங்கள்

சென்னையில் முழு அமைதிக்கு வழியில்லை. கீழே ஆட்டோ ஹாரன், பக்கத்து மனையில் டைல்ஸ் அறுக்கும் இயந்திரம், மின்சாரம் போனால் இன்வெர்ட்டரின் கீச்சொலி. நம்மால் முடிந்ததைச் செய்யலாம். டியூப்லைட் மினுக்கினால் மாற்றிவிடுங்கள். மின்விசிறி கிறீச்சிட்டால் எண்ணெய் விடுங்கள். ஊதுவத்தியும் அறை வாசனைத் திரவியமும் வேண்டாம். முந்தைய ஆள் மல்லிகைப்பூ வைத்திருந்தால்கூட ஜன்னலைத் திறந்து ஐந்து நிமிடம் காற்று விட்டுப் பிறகு அடுத்தவரை அழைக்கிறேன். நாற்காலியை வாசல் தெரியும்படி போடுங்கள். நேருக்கு நேர் போடாமல் சற்றுச் சாய்த்துப் போட்டால் அவர் கண்ணுக்கு ஓய்வு கிடைக்கும்.

நேரமும் அறையின் ஒரு பகுதிதான். பழைய மகாபலிபுரம் சாலையில் வேலை பார்த்துவிட்டு, போக்குவரத்தில் ஒன்றரை மணி நேரம் ஊர்ந்து, ஏழு மணிக்கு வந்து உட்காருபவரிடம் மனம் திறந்து பேசச் சொல்வது நியாயமில்லை. காலை அமர்வு கொடுங்கள். முடியாவிட்டால் வந்ததும் முதல் பத்து நிமிடம் ஒரு டம்ளர் தண்ணீரோடு சும்மா உட்கார விடுங்கள். அதற்கும் சேர்த்து நேரம் ஒதுக்குங்கள்.

இரண்டாம் படி: வாங்கிய பெயர்களைக் கேளுங்கள்

முதல் மணி நேரத்தில் வினாத்தாளை நீட்டாதீர்கள். "நீங்கள் நுண்ணுணர்வு மிக்கவர்" என்று அறிவிக்கவும் வேண்டாம். இத்தனை வருடமும் அவரைப் பற்றி அடுத்தவர்கள்தான் பெயர் சூட்டியிருக்கிறார்கள். நாமும் ஒன்று சூட்ட வேண்டியதில்லை.

நான் ஒரு வெள்ளைத்தாள் கொடுப்பேன். "சின்ன வயதிலிருந்து உங்களை என்னவெல்லாம் சொல்லியிருக்கிறார்கள்? ஞாபகம் வருகிற வரைக்கும் எழுதுங்கள்" என்பேன். தொட்டாற்சுருங்கி, அழுமூஞ்சி, எல்லாவற்றையும் மனதில் போட்டுக்கொள்கிறவள், ஆண்பிள்ளை அழலாமா, இதற்கெல்லாமா ஒருத்தி சாப்பிடாமல் இருப்பாள், உன்னிடம் வாயைத் திறக்கவே பயமாக இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் யார் சொன்னார்கள், எப்போது என்றும் எழுதச் சொல்வேன். ஒரு வங்கி ஊழியர், நாற்பதைத் தாண்டியவர், தாளின் இரண்டு பக்கமும் எழுதிவிட்டு, "எல்லாமே என் மேல் பாசமாக இருந்தவர்கள் சொன்னது" என்றார். வெகுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில் நீங்கள் பேசாதீர்கள். ஆறுதல் சொல்லும் அவசரம் நமக்குத்தான். தொட்டாற்சுருங்கி இலையைத் தொட்டால் மூடிக்கொள்கிறது; சில நிமிடம் விட்டுவிட்டால் தானே விரிகிறது. விரலால் பிரித்துவிடப் பார்த்தால் இன்னும் சுருங்கும். சிறுவயதில் ரயில் தண்டவாள ஓரம் உட்கார்ந்து இதைப் பார்த்திருப்போம்.

மூன்றாம் படி: வேறு எதுவும் கலந்திருக்கிறதா என்று பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிற ஆலோசகர்கள் நல்லெண்ணத்தாலேயே தீங்கு செய்துவிடுகிறார்கள். சத்தத்துக்கு உடல் பதறுவது விபத்துக்கோ வன்முறைக்கோ பிறகு தொடங்கியிருக்கலாம். ஆட்டிசம் உள்ளவர்களுக்கும் சத்தம், வெளிச்சம், துணியின் உராய்வு தாங்க முடியாமல் போகும். பதற்ற நோய், மனச்சோர்வு, ஒற்றைத் தலைவலி, தைராய்டு கோளாறு எல்லாமே இதே சட்டையைப் போட்டுக்கொண்டு வரலாம்.

நான் கேட்கும் கேள்விகள் எளியவை. எப்போதிலிருந்து இப்படி? நினைவு தெரிந்த நாளிலிருந்தா, ஏதாவது ஒன்றுக்குப் பிறகா? தூக்கமும் பசியும் எப்படி? அதோடு ஒரு கேள்வியை விடாமல் கேட்பேன்: நல்லவையும் இதே ஆழத்தில் தொடுகின்றனவா? மார்கழிக் காலையில் வாசல் கோலத்தைப் பார்த்து நின்றுவிடுவது, நாதஸ்வரத்தின் ஓர் இழுப்பில் கண் கலங்குவது, மழைக்கு முன் வரும் மண் வாசனையில் நாளே மாறிப்போவது. இவை உண்டென்றால் நுண்ணுணர்வு பெரும்பாலும் அவருடைய இயல்பு. எதிலும் இன்பமே இல்லை, எல்லாம் அபாயமாகவே தெரிகிறது என்றால் மனநல மருத்துவரிடம் அனுப்புங்கள். இரண்டும் சேர்ந்தே இருப்பதும் உண்டு. மருத்துவரிடம் அனுப்புவது கைகழுவுவது ஆகாது. அனுப்பிவிட்டு உங்கள் அமர்வையும் தொடருங்கள்.

சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்பதை நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைத்துவிடாது. அரசின் டெலி மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம். சென்னையில் 1986 முதல் இயங்கிவரும் சிநேகா அமைப்பின் எண் 044-24640050. இரண்டையும் ஒரு சிறு அட்டையில் எழுதி அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.

நான்காம் படி: குடம் எப்போது நிரம்புகிறது?

என்னிடம் வருபவர்கள் பெரும்பாலும் கடைசி நிகழ்ச்சியைத்தான் சொல்வார்கள். "குழந்தை பென்சில் பாக்ஸைக் கீழே போட்டது, கத்திவிட்டேன். நான் ஒரு தாயா?" நான் பிளாஸ்டிக் குடத்தைப் பற்றிப் பேசுவேன். தண்ணீர் லாரிக்குக் குடம் வைத்துக் காத்திருந்த ஊருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. குடம் காலையிலிருந்து நிரம்பிக்கொண்டே வருகிறது. கடைசி டம்ளர் ஊற்றும்போது வழிகிறது. பார்ப்பவர்கள் அந்தக் கடைசி டம்ளரைப் பார்த்து, இத்தனூண்டு தண்ணீருக்கா என்று கேட்கிறார்கள்.

ஒரு வாரத்துக்கு அவரே குடக்கணக்கு எழுதட்டும். காலை எழுந்ததும், பத்து மணிக்கு, சாப்பாட்டு நேரத்தில், வேலை முடிந்ததும், படுக்கும் முன் என ஐந்து முறை. கால் குடமா, அரையா, முக்காலா, வழிகிறதா என்று மட்டும் குறித்தால் போதும். பக்கத்தில் இடமும் எழுத வேண்டும்.

மேலே சொன்ன தாயின் தாளில் இருந்தது இது. ஐந்தரை மணிக்கு எழும்போதே கால் குடம். தெரு முனைக் கோயிலில் ஆடி மாத ஒலிபெருக்கி. புறநகர் ரயிலில் கிண்டி வரைக்கும் நெரிசல், அரை. அலுவலகத்தில் தடுப்பு இல்லாத பெரிய கூடத்தில் உட்கார்ந்து ஐந்து பேருடைய தொலைபேசிப் பேச்சைக் கேட்டுக்கொண்டே வேலை, முக்கால். வீடு திரும்பினால் தொலைக்காட்சித் தொடரின் அழுகுரலும் குக்கர் விசிலும். பென்சில் பாக்ஸ் விழுந்தது எட்டு மணிக்கு. தாளை மேசை மேல் வைத்து, "இந்த நாளில் எந்த இடத்தில் குடத்திலிருந்து ஒரு சொம்பாவது இறக்கினீர்கள்?" என்று கேட்டேன். ஓர் இடம்கூட இல்லை. தான் கெட்ட தாய் என்ற பேச்சு அதற்குப் பிறகு அந்த அறையில் எழவில்லை.

ஒரு தகவலையும் இங்கே சொல்வேன். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்றுதான் வரம்பு வைத்திருக்கின்றன. தெருவில் யாரும் அதை மதிப்பதில்லை என்பது வேறு. ஆனால் இத்தனை சத்தம் கூடாது என்று சட்டமே எழுதி வைத்திருக்கிறது என்று கேட்டதும், தன் காதில்தான் கோளாறு என்று நம்பியிருந்தவர்கள் நிமிர்ந்து உட்காருவதைப் பார்த்திருக்கிறேன்.

ஐந்தாம் படி: ஓய்வையும் ஒதுங்கலையும் பிரித்துக்காட்டுங்கள்

இங்கேதான் அதிகக் கவனம் வேண்டும். நாம் பரிவு காட்டக் காட்ட, அவர் வாழ்க்கையையே சுருக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. முதலில் ரங்கநாதன் தெருவுக்குப் போவதில்லை. பிறகு கல்யாணங்களுக்குப் போவதில்லை. பிறகு தோழியின் தொலைபேசி அழைப்பை எடுப்பதில்லை. ஒவ்வொன்றும் நிம்மதி தருகிறது, ஒவ்வொன்றும் அடுத்ததை இன்னும் பயமாக்குகிறது. அதற்காக "பழகினால் சரியாகிவிடும், போ" என்று கூட்டத்தில் தள்ளிவிடுவதும் கொடுமைதான். சிறுவயதில் பட்டது போதும்.

நான் சொல்லும் அடையாளம் இது: ஓய்வுக்குப் பிறகு திரும்பிப்போக மனம் வரும், ஒதுங்கிய பிறகு திரும்பிப்போக இன்னும் பயம் வரும். ஆகவே ஒவ்வொரு விலகலோடும் ஒரு திரும்பலையும் சேர்த்தே திட்டமிடுங்கள்.

அத்தை மகளின் கல்யாணம் என்று வையுங்கள். முதல் நாள் மாலை வரவேற்பில் மெல்லிசைக் குழுவின் ஒலிபெருக்கி முழுப் பலத்தில் அலறும். அதை விட்டுவிடலாம். மறுநாள் முகூர்த்தத்துக்குப் போய், மேடையிலிருந்து தள்ளி ஓரமாக உட்கார்ந்து, அட்சதை போட்டு, முதல் பந்தியில் சாப்பிட்டு, அத்தையிடம் நான்கு வார்த்தை மனதாரப் பேசிவிட்டு வரலாம். இரண்டு மணி நேரம்தான், ஆனால் முழுதாக அங்கே இருந்த இரண்டு மணி நேரம். வருந்தி வருந்தி ஆறு மணி நேரம் இருந்ததைவிட அத்தைக்கும் அதுதான் நிறைவு.

தினசரிக்கும் இதே முறைதான். அலுவலகத்திலிருந்து வந்ததும் மொட்டை மாடியில் இருபது நிமிடம், கைப்பேசி இல்லாமல். ரயிலில் காதடைப்பான். வாரம் ஒரு முறை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் வாசிப்புக் கூடம், அல்லது விடியும் முன் பெசன்ட் நகர்க் கடற்கரை. காலை ஏழு மணிக்கு மேல் அங்கேயும் கூட்டம் வந்துவிடும். காசு செலவில்லாத இடங்களாகத் தேடிக் கொடுங்கள். மலைவாசஸ்தலத்துக்குப் போய் வா என்பது எல்லோருக்கும் ஆகிற காரியமா?

ஆறாம் படி: உடலைத் தணியச் சொல்லிக்கொடுங்கள்

மூச்சை நான்கு எண்ணும் வரை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெல்ல விடுவது. வெளிவிடும் மூச்சு நீளும்போது இதயத் துடிப்பு தணிகிறது. ஐந்து முறை போதும். சிலருக்கு மூச்சைக் கவனித்தாலே படபடப்பு கூடும்; வற்புறுத்தாதீர்கள். அவர்களுக்குப் பாதம் தரையில் பதிவதைக் கவனிக்கச் சொல்லலாம், குழாய்த் தண்ணீரில் மணிக்கட்டை நனைக்கச் சொல்லலாம். குடம் பாதியில் இருக்கும்போதே செய்ய வேண்டும் என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். வழிந்த பிறகு செய்து பார்த்துவிட்டுப் பயனில்லை என்பார்கள்.

ஏழாம் படி: உள்ளே பேசும் குரலை மாற்றுவது

பரிவை மையமாக வைத்த சிகிச்சை முறையை உருவாக்கிய பிரிட்டிஷ் உளவியலாளர் பால் கில்பர்ட், மனதில் மூன்று இயக்கங்கள் இருப்பதாக விளக்குகிறார். ஆபத்தைக் கண்டு பதறுவது ஒன்று, வேண்டியதைத் தேடி ஓடுவது ஒன்று, பாதுகாப்பாக இருப்பதாக உணர்ந்து அமைவது ஒன்று. என்னிடம் வருபவர்களில் பலருக்கு மூன்றாவது இயக்கம் பழக்கமே இல்லாமல் கிடக்கிறது. அழுகை வந்தால் உள்ளிருந்து ஒரு குரல் அதட்டுகிறது. யார் குரல் என்று பார்த்தால், இரண்டாம் படியில் எழுதிய தாளில் இருக்கும்.

"உங்கள் மேல் நீங்களே அன்பு காட்டுங்கள்" என்று சொல்லிப் பயனில்லை. நம் வீடுகளில் அது தன்னலம் என்று கேட்கும். நான் வேறு வழியாகப் போவேன். "உங்கள் தங்கை மகள் இதே காரணத்துக்காக உங்கள் மடியில் முகம் புதைத்து அழுகிறாள். என்ன சொல்வீர்கள்?" என்பேன். உடனே பதில் வரும்: "ஒன்றுமில்லைடா கண்ணா, நான் இருக்கிறேன் இல்லையா." அந்தச் சொற்களை, அதே குரலில், மெதுவாக இன்னொரு முறை சொல்லச் சொல்வேன். பிறகு நெஞ்சில் கைவைத்துத் தனக்கே சொல்லச் சொல்வேன். அந்த வங்கி ஊழியருக்கு "கண்ணா" என்ற சொல் தொண்டையைத் தாண்டி வர ஆறு அமர்வுகள் ஆயின. அப்பா இறந்த பிறகு அப்படித் தன்னை யாரும் கூப்பிட்டதில்லை என்றார்.

பரிவைக் கண்டே பயப்படுகிறவர்கள் உண்டு; கில்பர்ட்டும் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். தளர்ந்தால் எல்லாம் குலைந்துவிடும் என்று நினைப்பார்கள். அப்போது அளவைக் குறையுங்கள். அரை நிமிடம் போதும். ஒரு வாரம் விட்டு மறுபடி முயலலாம்.

எட்டாம் படி: வீட்டாரைக் கூப்பிட்டுப் பேசுங்கள்

அவருடைய சம்மதத்தோடு மட்டும். எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்பதை முன்பே அவரோடு உட்கார்ந்து முடிவு செய்துகொள்ளுங்கள். ரகசியம் காக்கப்படுவது 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தரும் உரிமையும்கூட.

வந்த பெரியவர்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தாதீர்கள். ஒரு மாமியார் வந்தார். வந்ததும், "நாங்கள் என்னம்மா தப்பு செய்துவிட்டோம்? டிவி பார்ப்பது ஒரு குற்றமா?" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பகல் முழுக்கத் தனியாக இருப்பவருக்கு அந்தத் தொடர்தான் துணை. "குற்றமே இல்லை அம்மா. உங்களுக்கு மிளகாய்க் காரம் எவ்வளவு தாங்கும்?" என்று கேட்டேன். "எனக்கு வயிறு ஒத்துக்கொள்ளாது, தனியாக எடுத்து வைத்துவிடுவாள்" என்றார். யார் எடுத்து வைக்கிறார்கள் என்று கேட்டேன். மருமகள்தான். அவரே சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "இவளுக்குச் சத்தம் அப்படியா?" என்று கேட்டார். நான் விளக்குவதற்கு அதிகம் மிச்சமில்லை.

அந்த வீட்டில் செய்த ஏற்பாடு சிறியது. மருமகள் வேலையிலிருந்து வந்ததும் அரை மணி நேரம் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். டிவியின் சத்தம் பாதி. பதிலுக்கு, ஞாயிற்றுக்கிழமை மதியம் மாமியாரோடு உட்கார்ந்து அந்த வாரக் கதையைக் கேட்டுக்கொள்வது மருமகளின் பொறுப்பு. இப்படி இரண்டு பக்கமும் கொடுக்கல் வாங்கல் இருந்தால்தான் ஏற்பாடு நிற்கும்.

குழந்தைகள் விஷயத்தில் பெற்றோரிடம் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்வேன்: விருந்தாளிகள் முன்னால் பட்டப்பெயர் சொல்லாதீர்கள். செல்லமாகச் சொன்னாலும் வேண்டாம். முப்பது வருடம் கழித்து அந்தப் பெயர் என் வெள்ளைத்தாளில் வந்து உட்காருகிறது.

ஒன்பதாம் படி: விடைபெறுதலைத் திடீரென்று வைக்காதீர்கள்

பிரிவும் இவர்களை ஆழமாகத் தொடும். கடைசி அமர்வுக்கு ஐந்தாறு வாரம் முன்பே பேச்சை எடுங்கள். வாரம் ஒன்று என்பதை இரண்டு வாரத்துக்கு ஒன்று, பிறகு மாதம் ஒன்று என்று இடைவெளி விடுங்கள். நீங்கள் ஊருக்குப் போவதாக இருந்தாலும் முன்கூட்டியே தேதி சொல்லுங்கள். களைப்பாக இருக்கும் நாளில் அதை மறைக்காதீர்கள். எப்படியும் அவர் கண்டுபிடித்துவிடுவார், தன்னால்தான் என்று எடுத்துக்கொள்வார். "இன்று எனக்குக் கொஞ்சம் தலைவலி, உங்களால் இல்லை" என்று சொல்லிவிட்டால் அவர் இரவு முழுக்க யோசிக்க மாட்டார். நாளுக்கு நான்கு பேருக்கு மேல் பார்க்காமல் இருக்க நான் பழகிக்கொண்டதும் இதற்காகத்தான்.

கடைசி அமர்வில் அந்த வெள்ளைத்தாளை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுவேன். என்ன செய்வது என்பது அவர் விருப்பம். ஒருவர் கிழித்துப் போட்டார். ஒருவர் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். வங்கி ஊழியர் பேனாவை வாங்கி, ஒவ்வொரு பட்டப்பெயருக்கும் எதிரே அதைச் சொன்னவரின் வயதை எழுதினார். அம்மா, இருபத்தாறு. சித்தப்பா, பத்தொன்பது. ஆறாம் வகுப்பு ஆசிரியர், முப்பது இருக்கலாம். "எல்லோருமே என்னைவிடச் சின்னவர்களாக இருந்திருக்கிறார்கள் மேடம்" என்று சொல்லிவிட்டு, தாளை என் மேசையிலேயே வைத்துவிட்டு மாடிப்படி இறங்கிப் போனார்.